வலைச்சித்தரின் ஞானக்கண்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்டிக்குப் பக்கத்திலுள்ள கெலிஓயாவில் நின்று பார்த்தவர்கள், ஊரில் ஏதோ குழந்தை நோய் பரவிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். கம்பளை வீதியில் ஆட்டோக்கள் வால்பிடித்து நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு தாய். மடியில் பெட்ஷீட்டால் சுற்றிய ஒரு பொதி. மழைத்தூறல் படாமல் சேலைத் தலைப்பால் மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார்கள்.

பொதிக்குள் இருந்தது பிள்ளையல்ல. கம்ப்யூட்டர் பெட்டி.

பிள்ளைகள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர்கள் மந்திரித்துக்கொள்ள வந்திருந்தன.

மந்திரிப்பவர் வலைச்சித்தர் மயில்வாகனம். இரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே மயில்வாகனம் கம்பளையில் ஒரு சந்துக்குள் உடைந்த போன்களுக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்குச் சாதாரணமான இரண்டு கண்கள்தான் இருந்தன. கடை ஓடவில்லை. உடனே மூன்றாவது கண் திறந்துகொண்டது.

தொழில் சுருக்கமானது. இணையத்தில் அசிங்கம் இருக்கிறது, சூதாட்டம் இருக்கிறது, பிள்ளைகளைக் கெடுக்கும் கயவர்கள் இருக்கிறார்கள். இதுவரைக்கும் உண்மை. அதற்குப் பரிகாரம் ஒரு செப்புத் தகடு. இங்கேதான் உண்மை ஆட்டோ பிடித்துப் போய்விட்டது.

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். சித்தர் அதை மண்டப மேடையில் தொங்கும் திரைக்குப் பின்னால் எடுத்துச் செல்வார். இரண்டு மணிநேரம் மந்திர ஏற்றம். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் போய்விடும். பிறகு தகட்டைப் பெட்டியில் ஒட்டி வெளியே கொண்டுவருவார். எல்லோருக்கும் முன்னால் ஒரு சூதாட்டப் பக்கத்தைத் திறக்கச் சொல்வார். திறக்காது. கம்ப்யூட்டர் திரையில் சிவப்பெழுத்தில் வரும்: "சித்தர் காப்பு! இவ்வழி அடைக்கப்பட்டது."

மண்டபம் முழுக்கக் கைகள் தலைக்கு மேல் குவியும். எழுத்து தமிழில் வேறு வந்துவிட்டதே! மந்திரத்துக்கு டைப் அடிக்கத் தெரியுமா என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

சித்தருக்கு மதபேதம் கிடையாது. இந்துக்களுக்கு ஒரு ஸ்டிக்கர், முஸ்லிம்களுக்கு ஒரு ஸ்டிக்கர், சிங்களவர்களுக்கு ஒரு ஸ்டிக்கர். தகடு ஒன்றுதான்.

ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது தகடல்ல, அருள்வாக்கு. மாதத்தில் இரண்டு ஞாயிறு அவர் கண்களை மூடிக்கொள்வார். "என் தகடு பார்ப்பதையெல்லாம் நான் பார்க்கிறேன்" என்பார். பிறகு ஊரோ தொழிலோ சொல்லிக் கூப்பிடுவார். "தவுலகலை அம்மா, உங்கள் மகன் வெளிநாடு போக வழி தேடுகிறான்." அம்மா வீட்டுக்குப் போய் மகனை உலுக்குவாள். மகன் வெளிறிப்போவான். உண்மை! அடுத்த வாரம் அவள் இன்னும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வருவாள்.

இந்தக் கூட்டத்தில்தான், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே தகடு ஒட்டிக்கொண்டு போன துணிக்கடை நளீரும் அவர் மனைவி ருக்கியாவும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களின் ஒரே மகள் ஆஸிகாவுக்குப் பதினெட்டு வயது. பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. நளீருக்கு வியாபாரத்தில் கெட்டிக்காரர் என்று பெயர். ஒரு முழத் துணியில் அரை அங்குலம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைச் செருப்போடு சேர்த்து மண்டப வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்.

சித்தர் கண்ணை மூடினார்.

"கெலிஓயா துணிக்கடை முதலாளி... உங்கள் மகளுக்கு மூன்று மாதமாக நாள் தள்ளிப் போயிருக்கிறது. இதை உங்களிடம் மறைக்கிறாள். ஏன் மறைக்கிறாள் என்று நான் சொல்லவேண்டியதில்லை."

மண்டபத்தில் இருநூறு பேர். இருநூறு தலைகளும் அவர்கள் பக்கம் திரும்பின. ருக்கியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நளீர் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

அன்றோடு ஆஸிகாவின் டியூஷன் நின்றது. பள்ளிக்கூடமும் நின்றது. திகனயிலிருந்து ஒரு மாப்பிள்ளை பேசினார்கள். அவருக்கு வயது முப்பத்தெட்டு. விசாரித்தார்களா? விசாரிக்க என்ன இருக்கிறது, அவசரம் இவர்களுக்குத்தானே.

பக்கத்து வீடு இராஜேஸ்வரியுடையது. கண்டி மாநகர சபையில் இருபத்தாறு வருடமாக இலிகிதர், அதாவது எழுத்தர் வேலை. பிள்ளைகள் இல்லை. கணவர் சண்முகநாதன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து, கால் முறிந்து, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். மதில் ஓரத்தில் நின்று ருக்கியா அழுவதைக் கேட்டு இராஜேஸ்வரி இந்தப் பக்கம் வந்தார்.

"என்னா ருக்கியா, என்ன நடந்துச்சு?"

ருக்கியா விக்கி விக்கிச் சொன்னார். "அவர் பொய் செல்லுவாரா ராஜி அக்கா? நாங்க ஒண்டும் செல்லல்ல. அவராத்தான் செல்லினார். புள்ளகிட்ட கேட்டா, மூணு மாசம் தள்ளிப் போனது உண்மைதானாம்."

"சரி, டொக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

காட்டவில்லை. சித்தரிடம் காட்டியாயிற்றே.

மறுநாள் இராஜேஸ்வரி லீவு போட்டுத் தாயையும் மகளையும் கண்டியில் ஒரு பெண் வைத்தியரிடம் அழைத்துப் போனார். இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது. காலைச் சாப்பாடில்லை, நித்திரையில்லை, பரீட்சைப் பயம். "அதுனாலதான் நாள் தள்ளிப் போயிருக்கு. வேற ஒண்ணுமில்ல. நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க" என்று வைத்தியர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வைத்தியர் எழுதிய துண்டுச்சீட்டை ருக்கியா கணவரிடம் நீட்டினார். நளீர் அதை வாங்கிப் பார்க்கவும் இல்லை.

"டொக்டருக்கு என்ன தெரியும்? அந்த மனிசன் புள்ளயக் கண்ணால காணாமலே செல்லினாரே!"

இதுதான் பிரச்சினை. சோதித்துச் சொன்னவர் பொய்யர். சோதிக்காமல் சொன்னவர் மகான்.

இராஜேஸ்வரி ஆஸிகாவைத் தன் வீட்டுச் சமையலறைக்குக் கூட்டி வந்து தேத்தண்ணி கொடுத்தார். அந்தப் பெண் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் இருந்தாள்.

"யார்கிட்டயாவது சொன்னியாம்மா? கூட்டாளிமார்கிட்ட?"

"ஒத்தருக்கும் செல்லல்ல ஆன்ட்டி. வெக்கமா ஈந்திச்சு. கம்ப்யூட்டர்ல மட்டும் தேடிப் பாத்தேன். 'மூணு மாசம் நாள் தள்ளிப் போனா' எண்டு. அவர் அதே சொல்லத்தான் செல்லிரிக்கார்."

இராஜேஸ்வரி அடுப்பை அணைத்தார்.

அவருடைய அலுவலகத்தில் ஒருவர் வேலை நேரத்தில் கிரிக்கெட் பார்த்து மாட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. மேலதிகாரிக்கு ஞானக்கண் எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் பிரிவில் ஒரு மென்பொருள் போட்டிருந்தார்கள். யார் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார், என்ன தேடுகிறார் என்று அது அறிக்கை அனுப்பும். வேண்டாத பக்கங்களைத் தடுக்கும். பெற்றோர் வீட்டில் போடுவதற்கென்றும் இதே மாதிரி மென்பொருள்கள் உண்டு. போட்டவரே கடவுச்சொல்லை வைத்திருப்பார். அறிக்கை அவருடைய மின்னஞ்சலுக்கு வரும். வீட்டுக்காரர் போட்டால் வீட்டுக்காரருக்கு. சித்தர் போட்டால்?

"ஆஸிகா, எனக்கு ஒரு மக இருந்தா என்ன பேர் வைக்கலாம்?" என்றார் இராஜேஸ்வரி.

அடுத்த ஞாயிறு அவரும் தன் பழைய கம்ப்யூட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு போய் வரிசையில் நின்றார். ஒரே மகள், பெயர் மதுஷா, வயது பத்தொன்பது என்று சொன்னார். எழுதிக்கொண்டார்கள். இரண்டு மணிநேரம் மந்திரம் ஏறியது. தகடு மினுங்கியது. பக்தியோடு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வந்தவுடன் ஒரு கத்தியால் தகட்டைப் பெயர்த்தார். அதை அரிசி டின்னுக்குள் ஒட்டினார். பிறகு தகடில்லாத கம்ப்யூட்டரில் சூதாட்டப் பக்கத்தைத் திறந்தார். "சித்தர் காப்பு! இவ்வழி அடைக்கப்பட்டது."

"அப்ப தகடு என்னத்துக்கு ஆன்ட்டி?" என்றாள் ஆஸிகா.

"அரிசி கெட்ட வழிக்குப் போகாம இருக்க."

பல நாட்களுக்குப் பிறகு அந்தப் பெண் சிரித்தாள்.

அதன் பிறகு இரண்டு வாரம், பின்னேரங்களில், இருவரும் உட்கார்ந்து இல்லாத மதுஷாவுக்கு ஒரு வாழ்க்கையைத் தட்டச்சு செய்தார்கள். "பெரஹரா ஊர்வலத்தில் வரும் யானைப்பாகனைக் காதலித்தால் வீட்டில் சொல்வது எப்படி?" "யானை மேல் ஏறி உட்கார எத்தனை நாள் பழக வேண்டும்?" "கம்பளையிலிருந்து பதுளைக்கு ரயில் எத்தனை மணிக்கு?" கட்டிலில் கிடந்த சண்முகநாதன்கூட, "யானைக்கு சீதனம் குடுக்கணுமான்னு கேளு" என்று தன் பங்குக்கு ஒன்று சொன்னார். ஆனால் அவருடைய உடைந்த காலைப் பற்றி ஒரு வார்த்தையும் அவர்கள் தட்டவில்லை.

அருள்வாக்கு ஞாயிறு வந்தது. நளீரையும் ருக்கியாவையும் இராஜேஸ்வரி பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நளீர் கைகட்டிப் பயபக்தியோடு இருந்தார். திகன மாப்பிள்ளைக்கு நாள் கேட்பது அவர் திட்டம்.

சித்தர் கண்ணை மூடினார். உடல் ஆடியது.

"மாநகர சபை அம்மா! உங்கள் வீட்டில் பேராபத்து! உங்கள் மகள் மதுஷா யானைப்பாகன் ஒருவனிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டாள். பதுளை ரயிலில் ஓடப் பார்க்கிறாள். யானை மேல் ஏறவும் துணிந்துவிட்டாள்!"

கூட்டம் "ஐயோ" என்றது. முன்வரிசைப் பெண் ஒருத்தி, முகம் தெரியாத மதுஷாவுக்காகக் கண்ணீரே விட்டாள்.

இராஜேஸ்வரி எழுந்து கும்பிட்டார். "சாமி, என் வீடு முழுக்கத் தெரியுதுங்களா?"

"மூலை முடுக்கெல்லாம் தெரிகிறது."

"வீட்டுக்காரர் எப்படி இருக்கார் சாமி?"

சித்தர் உடலை இன்னும் வேகமாக ஆட்டினார். "மகளைத் தேடி அலைந்து திரிகிறார்."

"மாவுக்கட்டோடயா?" என்றார் இராஜேஸ்வரி. "ஒரு மாசமா கட்டில விட்டு எறங்கல. சரி, அதை விடுங்க. தகடு இப்ப எங்க இருக்குன்னு பாருங்க."

"உங்கள் கணினியின் நெற்றியில் சுடர்விடுகிறது."

இராஜேஸ்வரி கைப்பையிலிருந்து தகட்டை எடுத்து உயர்த்திப் பிடித்தார். ஓரத்தில் இரண்டு அரிசிமணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ரெண்டு வாரமா இது அரிசி டின்லதான் இருந்துச்சு. உங்க தகடு பார்த்திருந்தா, அரிசியத்தான் பார்த்திருக்கணும். இன்னொண்ணும் சொல்லிடுறேன். எனக்கு மகளே இல்ல. பிள்ளையே இல்ல. பக்கத்து வீட்டு ருக்கியாவே சாட்சி. கம்ப்யூட்டர்ல நாங்க சும்மா தட்டினதத்தான் சாமி இப்ப ஒப்பிச்சார்."

சித்தர் கண்ணைத் திறந்தார். மூன்றில் இரண்டை.

"தெய்வக் குற்றம்! இந்த அம்மாவை வெளியே அனுப்புங்கள்!"

யாரும் அசையவில்லை. ஆனால் நளீர் எழுந்தார். துணியில் அரை அங்குலக் குறைவைக் கண்டுபிடிக்கும் கண் கடைசியில் விழித்துக்கொண்டதோ என்னவோ, நேராக மேடைக்குப் போனார். சித்தர் கையை விரித்துத் தடுத்தார்.

"உள்ளே பார்த்தால் கண் போய்விடும்!"

"கண் போகட்டும். அது ஈந்தும் பிரயோசனமில்லத்தானே" என்று நளீர் திரையைப் பிடித்து இழுத்தார்.

திரைக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு மடிக்கணினி, பாதி தின்ற ரோல்ஸ். மடிக்கணினித் திரையில் மின்னஞ்சல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர். தவுலகலை, மகன். பேராதனை, இரண்டு மகள்மார். மாநகர சபை, மதுஷா. நளீர் தன் கடைப் பெயரைத் தேடித் திறந்தார்.

மகள் தேடியதெல்லாம் அதில் தேதியோடு இருந்தது. சித்தர் சொன்ன அந்தக் கேள்வி இருந்தது. அதற்குக் கீழே, சித்தர் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் இருந்தது. அதே நாள், அதே பின்னேரம்: "உம்மாகிட்ட இத எப்படிச் செல்லுற."

நளீர் அதை இரண்டு முறை வாசித்தார். அப்படியே அந்தக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "ருக்கியா, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டு, மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

மற்றவர்களும் மேடையேறினார்கள். தங்கள் வீட்டுப் பெயரை ஒவ்வொருவராகத் தேடினார்கள். தங்கள் பிள்ளைகளின் பயங்களையும் ஆசைகளையும் ஒரு முன்னாள் போன் திருத்துநர் மாதக்கணக்காக உட்கார்ந்து வாசித்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அசிங்கமானவர்களிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்ற, ஒரு அசிங்கமானவனைக் கூப்பிட்டு வீட்டுக்குள் உட்கார வைத்திருந்தார்கள். பெட்டியைத் தாங்களே மடியில் சுமந்து வந்து கொடுத்திருந்தார்கள். அதற்குக் காணிக்கை வேறு.

மயில்வாகனம் பின்வாசல் வழியாகப் போகப் பார்த்தார். வாசலில் ஆட்டோக்காரர்கள் நின்றார்கள். பொலிஸ் வந்து அவரையும் மடிக்கணினியையும் ஏற்றிக்கொண்டு போனது.

திகன மாப்பிள்ளைக்கு நளீரே போன் போட்டு வேண்டாம் என்றார். ஆஸிகா பள்ளிக்கூடம் போனாள். மகளிடம் நளீர் மன்னிப்புக் கேட்டாரா என்று தெரியாது. ஆனால் தினமும் காலையில் அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை கடை திறக்கப் போவதில்லை.

கதை இதோடு முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அடுத்த வாரமே முன்வரிசையில் அழுத அந்தப் பெண் இராஜேஸ்வரியை வழிமறித்தாள்.

"அக்கா, அந்தாளு கள்ளன்தான். சரி. ஆனா தகடு நல்ல தகடுதானே? கழட்டாம வெச்சிருந்தா ஏதாச்சும் தப்பா?"

இராஜேஸ்வரி நிற்காமல் நடந்தார். அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

பதிலை நான் சொல்கிறேன். பிள்ளைக்குக் காவல் வேண்டுமா? மென்பொருள் இருக்கிறது, நீங்களே போடுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டே போடுங்கள். கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும். போட்டிருப்பதைப் பிள்ளையிடமும் சொல்லுங்கள். அதற்கு மேலும் பிள்ளையின் மனதில் என்ன இருக்கிறது என்று அறிய வேண்டுமானால், பிள்ளையிடமே கேளுங்கள். அதற்குத் தகடு தேவையில்லை, வாய் போதும். கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் மூளையும் வேண்டும். அதையாவது திரைக்குப் பின்னால் யாரிடமும் கொடுத்து மந்திரிக்காதீர்கள்.