சொக்கப்பன் தாடையும் பெரிய மேளமும்

நாட்டுக்குச் சுதந்திரம் வரும் நாளில் பாடாங் திடலில் நின்று, காஜா பேராங் பேட்டையில் இருக்கும் தன் வீடு வரைக்கும் கேட்கும்படி "மெர்டேக்கா!" என்ற மலாய் விடுதலை முழக்கத்தைக் கத்தியே தீருவது என்று சொக்கப்பன் முடிவு செய்திருந்தார். அறுபத்து நான்கு வயதில் வேறு எதற்கும் அவர் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. குறுக்கே நின்றது அவருடைய தாடைதான்.

காதோரத் தாடைமூட்டு தேய்ந்திருந்தது. இடது பக்கப் பற்கள் போனபின் இருபது வருஷம் வலது பக்கமாகவே முறுக்கை நொறுக்கிய வினை. கடினமாக எதைக் கடித்தாலும் 'டொக்' என்னும். ஒருநாள் கொட்டாவி விட்டவர், வாயை மூட முடியாமல் அப்படியே சைக்கிள் ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போனார். எதிரே வந்தவர்கள் தங்களைப் பார்த்துத்தான் வியக்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

"ஆறு வாரம் கஞ்சி, குழைஞ்ச சோறு, காதோரம் ஒத்தடம். மீறினா மெர்டேக்காவை மனசுக்குள்ளயே சொல்லிக்குங்க" என்றார் டாக்டர்.

மனைவி உமையாள் அதைச் சட்டமாக்கினாள். அடுக்களையில் இருந்தபடியே டொக்கைப் பிடித்துவிடுவாள்.

"என்னங்க கடிக்கிறீங்க?"

"எச்சில் முழுங்கினேன்."

"எச்சில் எப்போலேருந்து டொக்குங்குது?"

ஐந்தாவது வாரம் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத் திடலில் தினமும் மாலை சுதந்திரக் கொண்டாட்டத்துக்குப் பாண்டு வாத்திய ஒத்திகை. பெரிய மேளம் 'தொம்' என்னும்போது கடித்தால் டொக் யார் காதில் விழும்? தன் மூளையை நினைத்து அவருக்கே மெய்சிலிர்த்தது.

பிஸ்கட் டின்னிலிருந்து முறுக்கை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். தொம், ஒரு கடி. தொம், இன்னொரு கடி. முதல் நாள் காதோரம் சுருக்கென்றது. மறுநாள் முறுக்கு நமுத்திருந்தது. கடல் காற்று என்று மன்னித்துவிட்டார்.

நாலாம் நாள் கடிக்கிற நேரம் பார்த்து மேளம் நின்றது. பல்லோ இறங்கிவிட்டது. உயிரே போனது அவருக்கு. ஆனால் சத்தமே இல்லை! இன்னொரு கடி. அப்போதும் இல்லை! சந்தோஷத்தில் எல்லாம் மறந்து அடுக்களைக்கு ஓடினார்.

"உமையா! தாடை சரியாப் போச்சு! முறுக்கு திங்கிறேன், ஒரு டொக்குகூட இல்ல!"

உமையாள் அரிவாள்மணையிலிருந்து நிமிரவில்லை. "சரியானது தாடை இல்லீங்க. நமுத்தது முறுக்கு. மூணு நாளா டின் மூடியைத் திறந்தேதான் வெச்சிருக்கேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மேளம் அடிக்கிறப்பல்லாம் உங்க மீசை ஆடுச்சு. டின்னை ஒளிச்சு வெச்சா வெளியே போயிக் கல்லு மாதிரி எதையாச்சும் கடிப்பீங்க. திருடுறதுதான் திருடுறீங்க, மெத்துன்னு திருடுங்க."

சொக்கப்பன் பிரமித்து நின்றார். திருட விட்டே காப்பாற்றியிருக்கிறாள்! இவள் சாமர்த்தியத்தை வெள்ளைக்காரன் பார்த்திருந்தால் பத்து வருஷம் முன்பே கப்பல் ஏறியிருப்பான்.

ஆறு வாரம் முடிந்தது. வாயில் மூன்று விரலை விட்டுப் பார்த்த டாக்டர், "தாராளமாக் கத்தலாம்" என்றார்.

அந்த நாளும் வந்தது. பாடாங்கில் எள் விழ இடமில்லை. சொக்கப்பன் மூச்சை இழுத்துப் பிடித்தார். மேடையிலிருந்து முதல் முழக்கம் எழுந்ததும், வீட்டு வாசலுக்கு வெளியே குரலே உயர்த்தாத உமையாள் இரண்டு கையையும் தூக்கி "மெர்டேக்கா!" என்றாள். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டா முப்பத்தெட்டு வருஷம் என்னிடம் தணிந்து பேசினாள்? அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாயைப் பிளந்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கத்தி முடித்த உமையாள் அவர் பக்கம் திரும்பினாள். அவருடைய மோவாய்க்குக் கீழே ஒரு விரலை வைத்து மெல்ல மேலே தூக்கினாள்.

"மூடுங்க. முடிஞ்சு போச்சு."