வீடுகாலியும் பாய்லர் அக்காவும்

சென்னையில் சித்திரை வெயிலையே வேர்க்க வைக்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் பாய்லர் அக்காதான். எப்போதும் கொதிநிலை. அதனால்தான் அந்தப் பெயர்.

தி. நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். வாடகை வீடு தேடித் தரும் 'வீடுகாலி' வெப்சைட். அப்போது விளம்பரம் எழுதுவது என் வேலை. போன் எடுப்பது அக்காவின் வேலை. வேலை கேட்டு வந்தவர் இல்லை அவர், சண்டை போட வந்தவர். நொச்சிக்குப்பத்துக்காரர். எங்கள் தளத்தில் பார்த்து மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார். மீன் விற்கிற குடும்பம் என்றதும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"ஆளப் பாத்து இல்லேன்றவன் வூட்ட இன்னாத்துக்குக் காலின்னு போட்டுக்கினு கீறீங்க?"

அந்தச் சத்தத்தில் கீழே கடையில் குடம் உருண்டது. முதலாளி மிரண்டுபோய் அவரையே வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டுக்காரர்களுக்குச் சனி திசை. "சைவம் மட்டும்" என்று ஒருவர் போனில் ஆரம்பித்தால் போதும். "வாடகைக்கு வுடுறது வூடா, வவுறா?" டமாலென்று போனை வைத்துவிடுவார். எங்கள் வியாபாரம் படுத்திருக்க வேண்டும். ஆனால் வடபழனி சினிமாக்காரர்கள் வரைக்கும், "வீடுகாலிக்குப் போன் போட்டு அந்த அக்காகிட்ட பேசு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

போன வருஷம் முதலாளியின் மாப்பிள்ளை ஆபீசுக்குள் நுழைந்தார். "காலின்னா நாசம்னு அர்த்தம் மாமா. கிளாஸா ஒரு பேர் வேணும்." அவர் கண்டுபிடித்த பெயர், ஹோமியோரா.

"இன்னா நைனா, வாந்தி எடுக்கிற மாதிரி கீது?" என்றார் அக்கா.

யார் கேட்டார்கள்? போர்டு மாறியது. அதன்பிறகு வந்த போனெல்லாம் முட்டி வலிக்கும் மூலத்துக்கும்தான். அடையாறிலிருந்து ஒரு பெரியவர், "சர்க்கரை உருண்டை எத்தனை வேளை சாப்பிடணும்மா?" என்றார்.

"பெர்சு, ஒனக்கு வூடு வேணுமா, வைத்தியம் வேணுமா?"

"மருமகளைக் கேட்டா ரெண்டுமே வேணும்னுதாம்மா சொல்லுவா!"

வீடு தேடுகிறவர்களோ நாங்கள் கடையை மூடிவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். எனக்கும் ஆத்திரம்தான், கத்தத்தான் தைரியமில்லை. ஒருநாள் அக்கா மாப்பிள்ளையின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"வூடு கெடைக்காம அலையிறவன் வாயில வர்ற பேருய்யா அது! எங்க குப்பத்துல எழுத்து தெரியாத பொம்பளகூட அத்தச் சொல்லித்தான் வூடு கேக்குது. அத்தப் புடுங்கிட்டு கிளாஸ் காட்டிக்கினு கீறியா? பேரு நீ வெச்சது இல்ல. அவங்களுது!"

சத்தம் கேட்டு வந்த முதலாளி பழைய போர்டையே மாட்டச் சொன்னார். நாங்கள் கைதட்டினோம். அக்கா எங்கள் மேல் பாய்ந்தார். "நடுவுல புதுப் பேர மனப்பாடம் பண்ணவன் எங்கடா போவான்? அறிவு கீதா ஒங்களுக்கு?"

நான் இப்போது வேறு ஆபீஸ். கே.கே. நகரில் குடியிருப்பது அக்கா பார்த்துக் கொடுத்த வீடு. போன வாரம் போன் செய்து, "தண்ணி ஒயுங்கா வருதா?" என்று அதட்டினார். குழாயில் ஜோராகக் கொட்டிக்கொண்டிருந்தது. வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு நடை வந்து, வீட்டுக்காரரையும் என்னையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போகட்டும்.