கன்ட்ரோல் எஃப் சாரும் அக்காவின் வேண்டுதலும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். மாடம்பாக்கத்தில் சிவன் கோயில் பக்கத்தில் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறேன். கற்பூரத்தைப் பற்றிக் கேட்டால் சொல்வேன், கம்ப்யூட்டரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? இன்னொரு பயம் அதைவிடப் பெரியது. அச்சில் வந்தால், நான் யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவரே முதல் வரியிலிருந்து படிப்பார். தப்பு இருந்தால் பத்திரிகையும் கையுமாகக் கடை வாசலில் வந்து நிற்பார்.

இருந்தாலும் ஈசன் மேல் பாரத்தைப் போட்டுச் சொல்கிறேன்: தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் கன்ட்ரோல் எஃப் சாரைப் போலத் தேடத் தெரிந்த மனிதர் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை.

கம்ப்யூட்டரில் ஒரு சொல்லைத் தேட அழுத்துகிற பொத்தானுக்குத்தான் கன்ட்ரோல் எஃப் என்று பெயராம். வேடிக்கை என்னவென்றால், அவர் அதை அழுத்தி யாரும் பார்த்ததில்லை. எங்கள் தெருமுனையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் அவர், எதைத் தேடினாலும் தானே புரோகிராம் எழுதித்தான் தேடுவார்.

"பட்டன் இருக்கும்போது ஏன் சார் இந்தப் பாடு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அந்த பட்டன் எங்கெல்லாம் போய்ப் பார்த்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணா? 'இல்லை'ன்னு பட்டுனு சொல்லிடுது. இல்லைன்னு சொல்றது என்ன சாதாரண விஷயமா?"

அந்த புரோகிராம் எனக்கே மனப்பாடம். ஃபைலைத் திற. ஒரு வரியைப் படி. கேட்ட சொல் இருக்கிறதா பார். இருந்தால் சொல்லு, இல்லாவிட்டால் அடுத்த வரி. வரி தீர்ந்ததும் மூடு. அவ்வளவுதான். இதை பைத்தான் என்கிற பாஷையில் எழுதுவார். "பாம்புப் பேர்ல பாஷையா? தோஷம் ஏதாவது வந்துடாதே சார்?" என்று கேட்டேன். சார் அடுத்த வரியை அடிக்கப் போய்விட்டார்.

வாழ்க்கையிலும் அதே வழிதான். ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் செருப்புக் குவியல். அவருடைய ஜோடி நடுவில் பளிச்சென்று தெரிகிறது. "அதோ சார்!" என்று காட்டினேன். மனுஷர் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறார்.

"கண்ணுல பட்டது வேற, தேடிக் கிடைச்சது வேற அண்ணா."

பின்னால் பந்தி முடித்த கூட்டம் நெருக்கியது. "யோவ், இன்னாய்யா, செருப்புக்கு அட்டெண்டன்ஸ் எடுத்துகினு கீற?" என்று ஒருவர் கத்தினார். சார் அசரவில்லை. தன் செருப்புக்கு முறை வந்ததும் "கிடைச்சாச்சு" என்று சபைக்கு அறிவித்துவிட்டுத்தான் காலில் மாட்டினார்.

அவர் கிறிஸ்தவர். வேதாகமம் முழுவதையும் ஒரே ஃபைலாக வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சபை பாஸ்டர் உருக்கமாக ஒரு வாக்கியத்தைச் சொல்லி, இது வேதத்தில் இருக்கிறது என்றாராம். எல்லோரும் ஆமென் சொல்ல, சார் மட்டும் எழுந்தார். "தேடிப் பார்த்திருக்கேன் பாஸ்டர், ஃபைல்ல இல்லை." அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை பாஸ்டரே சென்டர் படியேறி வந்தார். "பிரதர், நாளைக்குப் பேசறதை ஒருதரம் ஓட்டிப் பார்த்துடுங்களேன்."

இப்போது என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பையன் ஐந்தாவது படிக்கும்போது டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். என் அக்கா அவனுக்காக ஒரு வேண்டுதல் வைத்தாள். அவன் பிழைத்து வீடு வந்ததும், "வேண்டுதல் பாக்கி கீதுடா தம்பி, குரூப்புல போட்டிருக்கேன் பாரு" என்றாள். நேரில் சாவகாசமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தோம். அந்த ஆடியிலேயே மாரடைப்பில் போய்விட்டாள்.

எந்தச் சாமிக்கு, என்ன வேண்டுதல்? யாருக்கும் தெரியாது. அதன் பிறகு மழைக்காலத்தில் பையன் தும்மினாலே என் மனைவி அடுப்படியில் நின்று அழுவாள். "சாமிக்குச் சொன்னதைச் செய்யாம வெச்சிருக்கோமே." தெரிந்த கோயிலுக்கெல்லாம் போனோம், மனசு ஆறவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தேடலாம் என்றால், சொந்தக்காரர்கள் வருஷக்கணக்கில் போட்ட குட் மார்னிங் மலையாகக் குவிந்து கிடந்தது.

பையன் பிளஸ் டூ முடித்த வருஷம் மறுபடி கடும் ஜுரம். டாக்டர் மருந்து கொடுத்தார். மனைவி போனை எடுத்துக்கொண்டு சாரிடம் ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"எந்தச் சாமின்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க சார்."

"சாமியைக் கண்டுபிடிக்க என்னால ஆகாது சிஸ்டர். பேரைச் சொல்லுங்க, ஃபைல்ல தேடறேன்."

குரூப் பேச்சு முழுவதையும் ஒரு ஃபைலாக்கினார். நான் சாமி பெயர்களைச் சொல்லச் சொல்ல ஓட்டினார். 'முருகா' என்று போட்டால், என் மச்சினன் பெட்ரோல் விலையைப் பார்த்து அலறியதுதான் வந்தது. 'திருப்பதி' என்று போட்டால், லட்டு பங்கு பிரித்த சண்டை. அக்காவின் வேண்டுதல் மட்டும் வரவில்லை.

மனைவி எழுந்துவிட்டாள். "இல்லைன்னா விடுங்க சார்."

"நான் இல்லைன்னு சொல்லலையே. நாம கேட்ட சொல் ஃபைல்ல இல்லை, அவ்வளவுதான்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இவ்வளவு நேரம் சாமியையே தேடினோம். அக்காவை ஒருதரம்கூடத் தேடலையே?"

அக்கா பெயரைப் போட்டு ஓட்டினார். வரி வரியாக வந்து விழுந்தது. ஒவ்வொன்றிலும் தேதி, அக்கா பெயர், பக்கத்தில் 'மீடியா சேர்க்கப்படவில்லை'. எல்லாம் அழிந்துவிட்டது என்றே நினைத்தேன். சார் சிரித்தார்.

"அக்காவுக்கு டைப் அடிக்க வருமா அண்ணா?"

வராது! மைக்கை அமுக்கிப் பேசித்தான் அனுப்புவாள். குரல் எப்படி எழுத்து ஃபைலில் சிக்கும்? பையன் ஆஸ்பத்திரியில் இருந்த தேதியைப் பிடித்து, போனில் அந்த இடத்துக்குப் போய் சார் விரலை வைத்தார்.

"டேய் தம்பி, வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிகினு கீறேன்டா. புள்ள எழுந்து நின்னா அவன் உசரத்துக்கு மெழுகுவத்தி ஏத்தறேன்னு. அளவெடுக்க மறந்துடாத."

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விபூதியும் குங்குமமும் விற்கிற எனக்கு மாதா ஞாபகமே வந்திருக்கவில்லை.

அடுத்த சிக்கல், பையன் இப்போது என்னைவிட ஒரு தலை உயரம். "அன்னைக்கு உசரமா, இன்னைக்கு உசரமா?" என்றாள் மனைவி. சார் அக்காவின் குரலை இன்னொருதரம் கேட்டார்.

"என்னைக்குன்னு அவங்க சொல்லலை. பெருசாவே ஏத்துங்க சிஸ்டர். சின்னது அதுக்குள்ளயே அடங்கிடும்."

ஜுரம் விட்டதும் தாம்பரத்தில் ரயில் ஏறினோம். சாரும் வந்தார். "எங்க சபையில மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தற வழக்கம் கிடையாது அண்ணா, நான் வெளியவே நிக்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். வேளாங்கண்ணி வெயிலில் அந்த ஆளுயர மெழுகுவத்தி நடுவில் வளைய ஆரம்பித்தது. வெளியே நின்றவர் ஓடிவந்து மறுமுனையைத் தாங்கினார். ஏற்றி முடிக்கும்வரை விடவில்லை.

திரும்பும்போது ரயிலில் மனைவியிடம் ஒரு பென் டிரைவைக் கொடுத்தார். அக்கா பேசி அனுப்பியது அத்தனையையும் கேட்டு, சொன்னது சொன்னபடியே டைப் அடித்து ஒரு ஃபைலாக்கியிருந்தார். கத்தரிக்காய் வதக்குகிற பக்குவம், என்னைத் திட்டிய திட்டு, இருமிய இடத்தில் 'இருமல்'.

"இனிமே எந்தச் சொல்லைப் போட்டாலும் அக்கா கிடைப்பாங்க சிஸ்டர்."

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். அவரை உயர்த்திக் காட்ட எதையும் சேர்க்க வேண்டாம். அந்த மனுஷருக்கு அது தேவைப்படாது.