நாலு நாள் ஸ்பானரைத் தொடமாட்டேன்

நாலே நாலு நாள். ஸ்பானரைத் தொடமாட்டேன். குழாயைத் திரும்பிப் பார்க்கமாட்டேன். எங்கே எது ஒழுகினாலும் ஒழுகட்டும், நான் ஒழுக்கமாக இருப்பேன்.

இதைச் சாப்பாட்டு மேஜையில் எழுந்து நின்று அறிவித்தேன். உட்கார்ந்தபடி சபதம் போட்டால் என் மனைவி, "சரி, எழுந்து தட்டை எடுத்து வைங்க" என்பாள். அதனால்தான் நின்றேன்.

"சரி, நின்னுட்டீங்கல்ல? தட்டை எடுத்து வைங்க" என்றாள்.

நான் பிளம்பர். இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கே தண்ணி காட்டுகிறவன். மனைவிக்கு நூலகத்தில் வேலை. அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அங்கே உதட்டில் ஒரு விரலை வைப்பாள், நூறு பேர் அடங்கிவிடுவார்கள். வீட்டில் நான் ஒரே ஆள். எனக்கு அரை விரல் போதும்.

சபதத்துக்குக் காரணம் பக்கத்து வீட்டு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். அவர் மனைவி நர்ஸ். பன்னிரண்டு வருஷமாக நாங்கள் நாலு பேரும் லீவுக்கு ஒன்றாகத்தான் போவோம். இப்போது நர்ஸம்மாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. எட்டு மணி நேர ரயில் தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. அடுத்த மாசம் கிளம்புகிறார்கள். அதற்கு முன்னால் கடைசியாக ஒரு நாலு நாள் லீவுக்குப் போவதென்று ஏற்பாடாகியிருந்தது.

அன்று சாயங்காலம் நாலு பேரும் உட்கார்ந்து பழைய லீவு போட்டோக்களைப் புரட்டினோம். கடற்கரை விடுதியில் எடுத்தது: மூன்று சிரித்த முகம், பின்னால் வாஷ்பேசினுக்கு அடியில் இரண்டு கால். மலை விடுதியில் எடுத்தது: மூன்று முகம், அதே இரண்டு கால், சாக்ஸ் மட்டும் வேறு.

"அண்ணன் முகம் மறந்தாலும் மறந்துடும் அண்ணி. அந்தக் காலை எங்க பார்த்தாலும் கண்டுபிடிச்சுடுவேன்" என்றாள் நர்ஸம்மா.

எல்லாரும் சிரித்தோம். வாத்தியார் மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, "நாம ரெண்டு பேரும் ஒரு தடவைகூட உக்காந்து பேசினதில்லையே, மாப்ளே" என்றார்.

சுருக்கென்று இருந்தது. அவர்கள் போன கையோடு போட்டதுதான் அந்தச் சபதம்.

"நிஜமாவா?" என்றாள் மனைவி.

"நிஜமா."

"ஒரு வாஷர்கூட மாத்தமாட்டீங்க?"

"வாஷர்னா என்ன? புது வார்த்தையா இருக்கே!"

புத்தகத்தை ஆறு மாசம் கழித்துத் திருப்பித் தருகிறவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். பிறகு நான் கட்டி வைத்திருந்த பையைத் திறந்தாள். ஷேவிங் டப்பாவிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வந்தது. சாக்ஸுக்குள்ளிருந்து டேப் வந்தது. துண்டுக்குள் சுருட்டியிருந்த ரென்ச்சைத் தூக்கிப் பிடித்தாள்.

"இது எதுக்கு?"

"தலைவலி வந்தா..."

"தைலம் நான் எடுத்துக்கிறேன்."

தங்க வேண்டிய இடத்தையும் அவளே பார்த்துவிட்டாள். தபால் ஆபீசிலிருந்து ரிட்டயரான ஓர் அம்மா நூலகத்துக்கு வருவாராம். ஏரிக்கரையில் அவருக்கு ஒரு வீடு சும்மா கிடக்கிறதாம்.

"எல்லாம் பேசி முடிச்சுட்டேன்" என்றாள். அவள் பேசி முடித்தால் முடிந்ததுதான். நான் பேச ஆரம்பிப்பதோடு சரி.

வாத்தியார்தான் காரை ஓட்டினார். உலகத்தில் உள்ள ஆறெல்லாம் அவருக்கு அத்துப்படி. இடது கை எது, வலது கை எது என்பதில் மட்டும் கொஞ்சம் சந்தேகம். மூன்று மணி நேரப் பயணம் ஆறு மணி நேரம் ஆனது. கடைசியில் ஏரிக்கரைக்கு வந்தோம். வீடும் தெரிந்தது. எதிர்க்கரையில்.

"பூமி உருண்டை. எந்தப் பக்கம் போனாலும் போய்ச் சேர்ந்துடலாம்" என்றார்.

"ஏரி உருண்டை இல்லைங்க. வண்டியைத் திருப்புங்க" என்றாள் நர்ஸம்மா.

வீட்டு கேட்டைத் தொட்டதும் அது முனகிக்கொண்டே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே இருக்கிறவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். வாத்தியார் குளித்த அரை மணி நேரமும் ஏரியில் ஒரு பறவை இல்லை. ஃப்ளஷை அமுக்கினால் பெருமூச்சு மட்டும் வந்தது. சமையலறைக் குழாய் மூன்று நொடிக்கு ஒரு தடவை சொன்னது: டொக்.

என் கை தானாக நீண்டது.

"என்னங்க?"

"நான் ஒண்ணும் பார்க்கல. காதுல விழுது."

"பஞ்சு வச்சுக்கோங்க. விடுமுறைன்னா என்ன அர்த்தம்? விடு, முறைக்காதே. குழாயை விடுங்க, என்னை முறைக்காதீங்க."

டொக்.

வாத்தியாருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "மாப்ளே சபதத்துல இருக்கான். நான் பார்த்துக்கிறேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குழாயைத் திருகினார். எந்தப் பக்கம் திருகினார் என்று கேட்கவே வேண்டாம். குழாய் கையோடு வந்தது. தண்ணீர் கூரை வரை போனது.

"வாத்தியாரே, மெயின் வால்வு! வெளியில! இடது பக்கம்!"

அவர் வலது பக்கம் ஓடினார்.

"வாயாலகூட வேலை பார்க்கக்கூடாது" என்றாள் மனைவி. குடையை விரித்துக்கொண்டு சொன்னாள்.

கடைசியில் அவர் வீட்டைச் சுற்றி வந்து வால்வை மூட, குழாயைத் திரும்ப உள்ளே அழுத்தி, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியால் நர்ஸம்மா கட்டுப் போட்டாள். அவ்வளவு அழகான கட்டை நான் எந்தக் குழாய்க்கும் பார்த்ததில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்காததுதான் பாக்கி. நாலு பேரும் நனைந்த தலையோடு ரொட்டியைக் கடித்தோம். ரொட்டியும் நனைந்திருந்தது. நர்ஸம்மா சிரிக்க ஆரம்பித்தாள், எங்களாலும் அடக்க முடியவில்லை. ஆனால் சிரிப்பு நின்ற இடத்தில் மறுபடி கேட்டது. டொக். கட்டோடு டொக்.

மறுநாள் காலை மூன்று பேரும் படகில் போகத் தயாரானார்கள். ஆடுகிற எதுவும் என் வயிற்றுக்கு ஆகாது. நான் வீட்டில் இருந்துவிட்டேன்.

"நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றாள் மனைவி. வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். மாடிப்படிக்குக் கீழ ஒரு அலமாரி இருக்கு. அதுல ஏதோ டூல்ஸ் பெட்டி இருக்காம். அந்தப் பக்கம் போயிடாதீங்க."

"சேச்சே."

படகு கண்ணுக்குத் தெரிகிறவரை கையாட்டினேன். அப்புறம் மாடிப்படிக்குக் கீழே இருந்தேன்.

அடடா, என்ன பெட்டி! ஸ்பானர் வரிசையாக, அளவுவாரியாக. டேப் புதுசு. வாஷர்கள் கவர்கூடப் பிரிக்காமல். அந்தக் குழாய்க்கு எது வேண்டுமோ அதே அளவு. எனக்காகவே யாரோ காத்திருந்து வைத்த மாதிரி இருந்தது. கண் கலங்கிவிட்டது.

பத்து நிமிஷம். வால்வை மூடிக் கட்டைப் பிரித்தேன், வாஷரை மாற்றிக் குழாயை இறுக்கினேன், கட்டைப் பழையபடி போட்டேன்.

மூன்று பேரும் முழங்கால் வரை சேற்றோடு திரும்பினார்கள். வாத்தியார் துடுப்புப் போட்டதில் படகு ஒரே இடத்தில் பதினெட்டு தடவை சுற்றியதாம். கரையிலிருந்து ஒருவர் கயிறு வீசி இழுத்தாராம்.

மனைவி சமையலறையில் நின்று காதைச் சாய்த்தாள். "சத்தத்தையே காணோமே?"

"நர்ஸம்மா கைராசி. குணமாயிடுச்சு."

"அப்படியா?" என்றாள். அப்புறம் ஒரு பெருமூச்சு. "குழாய் பரவாயில்ல. அந்த ஃப்ளஷும் தாழ்ப்பாளும்தான் பாடாப் படுத்துது. சரி, நமக்கென்ன? நீங்க அதையெல்லாம் தொட்டுடாதீங்க."

மனைவிக்கே தெரியாமல் ஒரு காரியம் செய்கிற சுகம் கல்யாணமானவர்களுக்குத்தான் புரியும். அன்று முழுக்க ராஜா மாதிரி நடந்தேன்.

மூன்றாம் நாள் பெண்கள் இருவரும் நடக்கப் போனார்கள். வாத்தியார் துடுப்புப் போட்ட தோள்வலியில் படுத்திருந்தார். நான் குளியலறைத் தரையில் மல்லாந்து படுத்து ஃப்ளஷ் தொட்டிக்கு அடியில் கையை விட்டிருந்தபோது, தலைக்கு மேலே அவர் முகம் தெரிந்தது.

"மாப்ளே! சபதம்?"

"வாத்தியாரே, காட்டிக் கொடுத்துடாதீங்க."

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். என் பக்கத்திலேயே ஈரத் தரையில் படுத்துவிட்டார். "நான் என்ன செய்யணும், சொல்லு."

டார்ச் பிடிக்கச் சொன்னேன். ஜன்னல் பக்கம் பிடித்தார். சாக்பீஸ் பிடித்த கையில் ஸ்பானரைக் கொடுத்து, எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்று காட்டினேன். ஏழு தடவை காட்டினேன். எட்டாவது தடவை அவரே நட்டை இறுக்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். டார்ச்சை விட நன்றாக இருந்தது.

"அங்க போன பிறகு வீட்டுக் குழாய் ஒழுகினா யாரைக் கூப்பிடறது, மாப்ளே?"

"போன் பண்ணுங்க. நான் சொல்லச் சொல்லத் திருகுங்க."

"நான் திருகினா என்ன ஆகும்னு பார்த்தேல்ல?"

"அப்ப ரயில் ஏறி நானே வர்றேன்."

"எட்டு மணி நேரமா? ஒரு வாஷருக்கா?"

"வாஷர் ஒரு சாக்கு."

இரண்டு பேரும் தொட்டியின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். அப்படியே பேச ஆரம்பித்தோம். அவருக்குப் புதுப் பள்ளிக்கூடத்தை நினைத்தால் இருக்கிற பயம், எனக்கு அடுத்த வீட்டில் விளக்கெரியாது என்று நினைத்தால் வருகிற பயம். பன்னிரண்டு வருஷப் பேச்சு. நடுவில் அவர் காலால் எதையோ தட்டிவிட, தண்ணீர் பீறிட்டு இரண்டு பேர் வாயிலும் ஒரே சமயத்தில் அடித்தது. விலா வலிக்கச் சிரித்தோம்.

அன்றைக்கே தாழ்ப்பாள், கேட், ஷவர், ஆடுகிற நாற்காலி எல்லாம் ஆனது. பெண்கள் வரும் சத்தம் கேட்டதும் அரைக்கால் சட்டையில் ஒட்டிய ஈரத்தை உதறிக்கொண்டு சோபாவில் போய் விழுந்தோம்.

"ஏன் ரெண்டு பேரும் நனைஞ்சிருக்கீங்க?" என்றாள் நர்ஸம்மா.

"வேர்வை" என்றார் வாத்தியார். உலகத்தின் தட்பவெப்பம் தெரிந்தவர் சொன்னால் மறுக்க முடியுமா?

நாலாம் நாள் காலை. பைகளை வாசலில் வைத்தோம். வீட்டுக்கார அம்மா வந்தார். மூக்குக் கண்ணாடி, கையில் மடித்த காகிதம், காதில் பென்சில். கேட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். காகிதத்தில் ஒரு டிக் போட்டார். குழாயைத் திருகினார், டிக். ஃப்ளஷை அமுக்கினார். அருவிபோல் கொட்டியது. பெரிய டிக்.

"அது என்ன காகிதம்மா?" என்றேன்.

"வேலை லிஸ்ட்டு தம்பி. வாடகை வேண்டாம், எல்லாத்தையும் சரி பண்ணிக் கொடுத்துட்டுப் போறோம்னு உங்க வீட்டம்மா சொன்னாங்களே? எந்த வாஷர், என்ன அளவுன்னு முதல்லயே வந்து பார்த்து எழுதி, வாங்கி வைக்கச் சொன்னதும் அவங்கதான்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஏரியைப் பார்த்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா வேலை பார்த்திருப்பீங்க. சொல்லாததால லீவு கொண்டாடினீங்க" என்றாள், வழக்கமான நூலகக் குரலில். "நேத்து நாங்க எங்கயும் நடக்கப் போகல. பின்பக்கத் தோட்டத்துலதான் உக்காந்திருந்தோம். நீங்க ரெண்டு பேரும் சிரிச்சது ஜன்னல் வழியா கேட்டுச்சு. இத்தனை வருஷத்துல நீங்க அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல."

நர்ஸம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. நனைந்த ரொட்டி, சுற்றின படகு, கட்டுப் போட்ட குழாய், தரையில் மல்லாந்த வாத்தியார். இதில் ஒன்று சரியாக நடந்திருந்தாலும் இந்த நாலு நாள் எனக்குக் கிடைத்திருக்காது.

"அடுத்த வருஷம் இதே நாலு நாளைக்கு உங்க பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன்" என்றார் அந்த அம்மா. "நாலு பேரும் வருவீங்கல்ல?"

"நாங்க ரயிலைப் பிடிச்சு நேரா இங்கயே வந்துடுவோம்" என்றாள் நர்ஸம்மா. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த அம்மா பென்சிலைக் கன்னத்தில் வைத்து அண்ணாந்து பார்த்தார். "அப்ப கூரை ஓடுதான் பாக்கி. ஏம்மா, தம்பி கூரை மேல எல்லாம் ஏறுவாரா?"

என் மனைவி காரில் ஏறிக்கொண்டே சொன்னாள்:

"ஏறக்கூடாதுன்னு நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. ஏறிடுவார்."