கண்ணாடி முட்டு

மனித குலம் இதுவரை கண்ட நீதிமான்களுள், டைனோசர் பொம்மைகளுக்கு நட்சத்திரம் வழங்கும் நீதிமானே தலைசிறந்தவர் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. மற்ற நீதிமான்களின் முன்னால் கட்சிக்காரர்கள் வந்து அழுவார்கள், வாய்தா கேட்பார்கள், கூசாமல் பொய் சொல்வார்கள். டைனோசர் வாயைப் பிளந்தபடியே நின்றாலும் ஒரு வார்த்தை பேசாது. அப்படிப்பட்ட ஒன்றின் பல்லை எண்ணி, காலை அளந்து, வாலைத் தட்டிப் பார்த்து, ஐந்துக்கு இத்தனை என்று தீர்ப்புச் சொல்லத் தனி நெஞ்சுரம் வேண்டும். அது பல்லி சாருக்கு இருந்தது.

பல்லி சார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். காப்பீட்டு நிறுவனமொன்றில் இழப்பீட்டுப் பிரிவில் இருந்தார். விண்ணப்பத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார். "டைனோசர் பல்லியே இல்லீங்க, இடுப்பெலும்பு அமைப்பே வேற" என்று சக ஊழியர்களுக்குப் பொறுமையாக விளக்குவார். அவர்களும் கடைசிவரை கேட்டுவிட்டு, "சரிங்க பல்லி சார்" என்பார்கள்.

வீடியோவில் அவர் செய்யும் "விமர்சனங்கள்" கறாருக்குப் பேர்போனவை. இரண்டு காலில் நடக்கும் டைனோசரின் உள்ளங்கைகள் கைதட்டப் போவதுபோல ஒன்றையொன்று பார்க்க வேண்டும். மேஜை துடைப்பதுபோலக் கீழே பார்த்தால் அரை நட்சத்திரம் போச்சு. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்கும்போது மட்டும் குரலை இறக்கிக்கொள்வார்: "இது சொந்தக் காலில் நிற்கிறதா?"

ஏனென்றால் இந்த இரண்டு கால் பொம்மைகளில் பல நிற்காது. கோடை வந்தால் கால் வளைந்து குப்புற விழும். அதை மறைக்கத் தயாரிப்பாளர்கள் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் முட்டு ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு அனுப்புவார்கள். அடியில் கொடுத்தால் பொம்மை கம்பீரமாக நிற்கும். முட்டு கண்ணுக்கே தெரியாது. "ஏமாற்று வேலை!" என்று பல்லி சார் கொதிப்பார். முட்டு கொடுத்த பொம்மைக்கு இரண்டு நட்சத்திரம் குறையும். மேல்முறையீடு கிடையாது.

இத்தகைய மாமனிதர் குடியிருந்தது மாமனார் வீட்டில். கல்யாணமான புதிதில், "ஒரு வீடு அமையுற வரைக்கும் இங்கயே இருங்க மாப்ளே" என்றார் மாமனார். பல்லி சாரும் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தார். வீடு இன்னும் அமையவில்லை. அதற்குள் டைனோசர்கள் அமைந்துவிட்டன. அவற்றுக்குக் காற்றோட்டமான அறை தேவைப்பட்டதால், மாமனார் தன் கீழ் அறையை விட்டுக்கொடுத்து மாடிக்குப் போனார். "படி ஏறி இறங்குறது உடம்புக்கு நல்லது மாமா" என்று பல்லி சார் அக்கறையோடு எடுத்துச் சொன்னார்.

ஒரு மழைநாளில் அந்த நல்லது நடந்தது. மாமனார் படியில் உருண்ட சத்தம் கேட்டதும் பல்லி சார் பதறியடித்து ஓடினார், அலமாரிக்கு. நல்ல வேளை, எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. பிறகுதான் மாமனாரைப் போய்ப் பார்த்தார். இடுப்பு ஒடிந்திருந்தது.

மனைவி பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்களை எழுப்பி நிற்க வைப்பதுதான் அவளுக்குத் தொழில். ஆபரேஷன் முடிந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"அப்பா இனிமே படி ஏறக் கூடாது. கீழ் ரூமைக் காலி பண்ணுங்க."

"காலி பண்றதா? அது மியூசியம்மா."

"அது எங்க அப்பா ரூம்."

"சரித்திரத்தை எடுத்துக்கிட்டா, மனுஷனுக்கு ரொம்ப முன்னாடியே டைனோசர்தான் இருந்தது."

"எங்க, அந்த ரூம்லயா?"

இதற்குப் பல்லி சாரிடம் உடனடி ஆதாரம் இல்லை. எனவே "தொல்லுயிர் உருவ விமர்சகர் பேரவை"யின் அவசரக் கூட்டம் வீடியோ அழைப்பில் கூட்டப்பட்டது. பேரவையில் மூன்று பேர். பல் டாக்டர் தலைவர், பெயின்ட் கடைக்காரர் பொருளாளர், பல்லி சார் செயலாளர். உறுப்பினர் என்று யாரும் இல்லை, எல்லோரும் நிர்வாகிகள்.

"மாமனார் எந்த ஸ்கேல்?" என்று ஆரம்பித்தார் பெயின்ட் கடைக்காரர்.

"ஒண்ணுக்கு ஒண்ணு."

"அடேயப்பா! அந்த சைஸ் எந்த அலமாரியிலயும் அடங்காதே."

"பல்லு எப்படி?" என்றார் டாக்டர்.

"கீழ் வரிசை செட்டு."

"அப்ப ஒரிஜினல் இல்ல. ரூமை அவசரப்பட்டு விட்டுக்கொடுத்துடாதீங்க."

ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதைப் பல்லி சார் மனைவியிடம் வாசித்துக் காட்டினார். அவள் கட்டில் தூக்கும் ஆட்களுக்குப் போன் செய்தாள். இரு தரப்புப் பேச்சுவார்த்தை இவ்வாறு சுமுகமாக முடிந்து, "கூட்டு வசிப்புத் திட்டம்" அமலுக்கு வந்தது. அலமாரிகள் இருந்த இடத்திலேயே இருக்க, நடுவில் கட்டில் போடப்பட்டது. விமர்சன மேஜைக்கும் கட்டிலுக்கும் இடையே, காடு அச்சடித்த திரை ஒன்றைப் பல்லி சார் தொங்கவிட்டார். வீடியோவில் நோயாளி தெரிந்தால் அறிவியல் சூழல் கெட்டுவிடுமே.

மாமனார் வந்து படுத்தார். நீண்ட கழுத்து டைனோசர் ஒன்றின் தலை தலையணைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

"மாப்ளே, இது கடிக்குமா?"

"இல்ல மாமா, இது தழை தின்னி."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். நல்ல மனுஷன். பல்லி சாருக்கே ஒரு கணம் சங்கடமாக இருந்தது. கண்ணாடி முன்னால் போய் நின்று தன்னைத்தானே மதிப்பிட்டுப் பார்த்தார். தொப்பைக்காக ஒரு நட்சத்திரம் குறைத்து, நான்கு கொடுத்துக்கொண்டார். அவருடைய நடுநிலை அப்பேர்ப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மனைவிக்குக் கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "சாயங்காலம் அப்பாவை எழுப்பி நிக்க வைக்கணும். நீங்க ஒண்ணும் வெட்டி முறிக்க வேண்டாம், தோள் கொடுத்தா போதும். இன்னொரு தடவ விழுந்தார்னா அப்புறம் எழுந்திரிக்கவே மாட்டார். புரியுதா?"

"சின்னக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்றியே" என்றார் பல்லி சார்.

அன்று சாயங்காலம்தான் நேரலை இருந்தது. "முட்டு தேவையில்லை" என்று விளம்பரப்படுத்தப்பட்ட டி. ரெக்ஸ் வந்திருந்தது; பெட்டிக்குள்ளே முட்டும் இருந்தது! ஊழல் கையும் களவுமாகப் பிடிபட்ட மகிழ்ச்சியில் பல்லி சார் கேமராவை முடுக்கினார். பேரவை நிர்வாகிகளும் இன்னும் பத்திருபது பேரும் கூடினார்கள்.

"மாப்ளே..." என்றது காட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ரெண்டே நிமிஷம் மாமா, கணுக்கால்ல இருக்கேன்."

"மாப்ளே, பாத்ரூம் போகணும்."

"இதோ, வாலுக்கு வந்துட்டேன் மாமா!"

குரல் நின்றது. கட்டில் கிரீச்சிட்டது. பல்லி சாருக்கு அது காதில் விழவில்லை. டி. ரெக்ஸை மேஜை விளிம்பில் நிறுத்தி, குரலை இறக்கிக்கொண்டார்.

"அன்பர்களே, முட்டு கொடுத்தால் எதுவும் நிற்கும். நம் கேள்வி ஒன்றுதான். இது சொந்தக் காலில் நிற்கிறதா?"

காடு விலகியது. அலமாரியைப் பிடித்துக்கொண்டு மாமனார் வந்து நின்றார். நேரலையில் கருத்துகள் சரசரவென்று ஏறின. 'பின்னால் நிற்பது எந்தக் கம்பெனி?' என்றார் ஒருவர். 'தலையில் பளபளப்பு அபாரம்!' என்றார் பெயின்ட் கடைக்காரர். பல்லி சார் திரும்பிப் பார்த்த அதே நொடியில் அலமாரி ஆடியது, மாமனாரின் பிடி விட்டது. மேஜையும் ஆடி, டி. ரெக்ஸ் விளிம்பைத் தாண்டிச் சாய்ந்தது.

பல்லி சாரின் இரு கைகளும் தாமாக நீண்டன. நீண்டு டி. ரெக்ஸைப் பிடித்தன. உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி, ஆராய்ச்சி முடிவுகளுக்கு இம்மியும் பிசகாமல் இருந்தன.

மாமனார் விழவில்லை. விழப்போனவர் எதிரே இருந்த மாப்பிள்ளையின் தோளை எட்டிப் பிடித்து, மூச்சு வாங்க நின்றார். கொடுக்காத தோள்; அவராக எடுத்துக்கொண்டது. பல்லி சார் தன் கைகளைப் பார்த்தார், கைகளுக்குள் பத்திரமாக இருந்த பொம்மையைப் பார்த்தார். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நான்கு, மூன்று, இரண்டு என்று தன் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக உதிர்வதை நேரலையிலேயே உணர்ந்தார்.

"மாமா... பாத்ரூம்..."

"இருங்க மாப்ளே, மூச்சு வாங்கிக்கறேன்" என்ற மாமனாரின் கண் மேஜையில் விழுந்தது. "அது என்ன, கண்ணாடி மாதிரி?"

"முட்டு மாமா. இது இல்லாம அது நிக்காது."

"இருக்கறதே தெரியலையே?"

"தெரியக் கூடாதுன்னுதான் இப்படிச் செய்யறாங்க. பாக்கறவங்க அது சொந்தமா நிக்குதுன்னு நினைச்சுக்குவாங்க."

"அந்த டைனோசரும் அப்படித்தான் நினைச்சுக்குமோ?"

பல்லி சார் பொம்மையை மெல்ல மேஜையில் வைத்தார். மாமனார் அந்த முட்டுத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாரம் தாங்குமா?"

"கொஞ்ச வருஷம் தாங்கும் மாமா. அப்புறம் ஒடிஞ்சிடும்."

"எங்க ஒடியும்?"

"நடுவுல. இதோ, இடுப்பு மாதிரி வளைஞ்சிருக்கு பாருங்க, இங்க..." என்று விரலால் காட்டியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஆமா மாப்ளே" என்றார் மாமனார், "அங்கதான் ஒடியும்."