லென்ஸ் சாமியும் பதினொரு ஒற்றைச் செருப்பும்

லென்ஸ் சாமி வருகிறார் என்றால் எங்கள் குடியிருப்பில் லிஃப்டுக்கு மூச்சு முட்டும். வீட்டுக்கு வீடு கேமரா மாட்டியவர்கள் அத்தனை பேரும் கீழே சங்க அறையில் கூடிவிடுவார்கள். மங்கிய கேமராவுக்கு மந்திரத்தால் பார்வை கொடுக்கும் மகான் அவர். எட்டு மெகாபிக்சல் கேமரா வாங்கியும் படம் புகைமூட்டமாகத் தெரிந்தால், அது தோஷமாம். நம்பினோம். படித்தவர்கள் அல்லவா, முழுசாகவே நம்பினோம்.

சாமி ஏணியில் ஏறுவார். கண்ணை மூடி முணுமுணுத்தபடி பட்டுத்துணியால் கேமராவின் முகத்தைத் தடவுவார். படம் பளிச்சென்று வரும்! கைதட்டல் கூரையைப் பிளக்கும். பிறகு கண்ணேறு படாமல் இருக்கக் கேமராவின் உச்சியில் காப்பு எண்ணெய் விடுவார். ஒரே வாரத்தில் படம் மறுபடி மங்கும். "பொல்லாத தோஷம்ப்பா!" என்று சாமியும் மறுபடி வருவார்.

இந்த முறை விவகாரம் முற்றிவிட்டது. வாசலில் விட்ட செருப்புகள் காணாமல் போயின. பதினொரு வீட்டில் பதினொரு செருப்பு. கேமராவில் பதிவானதோ ஏதோ ஒரு பழுப்புக் கறை. சாமி திரையை உற்றுப் பார்த்துச் சொன்னார்: "துணி மூட்டை தெரியுது. இஸ்திரி போடறவதான்!"

சங்கத் தலைவர் இஸ்திரிக்கார அம்மாவைக் கூப்பிட்டு, "இன்னியோட மேசையைத் தூக்கிட்டுக் கிளம்பும்மா" என்றார். பத்து வருஷமாக அந்த மேசைதான் அவளுக்குச் சோறு போடுகிறது.

அவள் கண்ணில் நீர் முட்டியது. வாய் மட்டும் அடங்கவில்லை. "போனதெல்லாம் ஒத்தைச் செருப்பு சார். எனக்கு ரெண்டு காலு இருக்கு. ஒத்தைய வச்சு நான் என்ன பண்ணுவேன்?"

அவ்வளவு நல்ல கேள்வியை அந்த அறை அதற்கு முன் கேட்டதே இல்லை. ஆகவே எல்லோரும் சாமியின் முகத்தைப் பார்த்தார்கள்.

இரண்டாவது மாடியிலிருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கார அக்கா எழுந்தார். பொழுதெல்லாம் கண்ணாடி துடைக்கிறவர். "சாமி, இந்த அறை வாசல் கேமராவுக்கு மந்திரம் மட்டும் சொல்லுங்க. துணி வேணாம்."

"துணியில்லாம மந்திரம் இறங்காதும்மா."

"பெரிய மந்திரமாச்சே, இறங்காமலா போகும்?"

கூட்டம் வேடிக்கைக்குத் துடித்தது. சாமி வேறு வழியில்லாமல் கால் மணி நேரம் தொண்டை வறள மந்திரம் சொன்னார். திரையில் அதே புகை.

அக்கா பழைய பனியன் துணியோடு ஏணியில் ஏறினார். "ஓரெட்டு எட்டு, ஈரெட்டுப் பதினாறு..." என்று வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே துடைத்தார். முப்பத்திரண்டு வருவதற்குள் படம் கண்ணாடி போலத் தெளிந்தது! துணியை விரித்துக் காட்டினார், கறுப்புப் பிசுக்கு. "உச்சியில விட்ட எண்ணெய் லென்ஸ்ல வழிஞ்சிருக்கு. அதுல தூசி ஒட்டியிருக்கு. வாராவாரம் வர்ற தோஷம் இதுதான்."

"வாய்ப்பாடும் மந்திரந்தானே!" என்றார் சாமி. அசரவில்லை மனிதர்.

அதற்குள் யாரோ கத்தினார்கள். தெளிந்த திரையில் பழுப்பு நிறத்தில் ஒன்று ஒய்யாரமாக நடந்து வந்தது. சங்கத் தலைவர் வீட்டு நாய்! சாமியின் பளபளப்பான இடது செருப்பை முகர்ந்தது, கவ்வியது, ஓடியது. அறையே எழுந்து பின்னால் ஓடியது. மோட்டார் அறைக்குப் பின்னால் பதினொரு ஒற்றைச் செருப்பு. கூடவே பன்னிரண்டாவதாக, வார் அறுந்து, முக்காலமும் உணர்ந்தவருடையது.

தலைவர் தலை கவிழ்ந்தார். "தப்பு நடந்துபோச்சும்மா."

இஸ்திரிக்கார அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "அது கிடக்கட்டும் சார். நாயை எப்பக் கிளம்பச் சொல்லப்போறீங்க?"

சாமி ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு காரைத் தேடியபோது, நம் ஜனங்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். முதல் மாடிக்காரர் பயபக்தியோடு கேட்டார்: "அக்கா, அந்தப் பனியனுக்கு அப்படி என்ன சக்தி?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். கும்பிட எடுத்த கையை, ஐயா, ஒரு தடவையாவது துடைத்துப் பார்க்க எடுங்கள்!