சர்வர் பிழைத்தது, மாமா விடுபட்டார்

கம்ப்யூட்டர் சரிசெய்கிறவனுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கத்தான் செய்யும். எனக்கு அந்த வயதில் ஊருக்கே பங்கு வைக்கிற அளவு இருந்தது.

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தின் சர்வர் என் பொறுப்பு. என் தங்கையின் கல்யாணப் பத்திரிகையும் அங்கேதான். அச்சுக்குப் போக வேண்டிய அன்றைக்கா சர்வர் மக்கர் செய்ய வேண்டும்?

"ஃபைல் பேரெல்லாம் தெரியுது, தொறந்தா அப்படியே நிக்கி. உம்மால ஆவுமா ஆவாதாவே?" என்றார் முதலாளி அண்ணாச்சி.

டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன் (இன்றும் பெருமைதான்). ஒருவர் திருத்தும் ஃபைலில் இன்னொருவர் கைவைக்காமல் காக்கும் லாக் சர்வீஸ் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. பஸ் ஜன்னலில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே சங்கதி. எது யார் துண்டு என்று சொல்ல வேண்டியவன் மயங்கிவிட்டான். எங்கள் அச்சகத்தில் சாப்பிடப் போனாலும் யாரும் ஃபைலை மூட மாட்டார்கள். துண்டு கிடந்தபடியே கிடக்கும்.

சர்வீஸை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டேன். அது உடனே வேலையைத் தொடங்காது. சற்றுக் காத்திருந்து, பழைய துண்டுக்காரர்களுக்கு அவரவர் இடத்தைத் திருப்பிக் கொடுக்கும். அண்ணாச்சி பார்த்துக்கொண்டு நிற்கும்போது என்ன காத்திருப்பு? அந்தக் காத்திருப்பையே நீக்கிவிட்டேன். ஃபைல்கள் சடசடவென்று திறந்தன.

"கெட்டிக்காரன்தாம்வே நீரு!"

எனக்குத் தலைகால் புரியவில்லை.

காலையிலிருந்தே பத்திரிகை ஃபைலைத் திறந்து வைத்திருந்த வடிவமைப்பாளர் செல்வி, தன் திரையில் தாய்மாமன் பெயரைச் சேர்த்துக் காட்டினாள். "சரியா இருக்கு, அடிங்க" என்றேன். சேமித்தாள். ஆனால் அவள் துண்டுதான் பறிபோய்விட்டதே! பக்கத்து மேசை ஜெபாவும் அதே ஃபைலைத் திறந்து மண்டபத்தின் பெயரைத் திருத்திக்கொண்டிருந்தான். அவன் பிறகு சேமித்ததில் செல்வி சேர்த்தது அழிந்தது. பத்திரிகை மாமா இல்லாமல் அச்சானது.

நாங்குநேரி மாமா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "அக்கா மவளுக்கு நான் மாமன் இல்லியாக்கும்? கல்யாணத்துக்கு வர மாட்டேன்" என்று போனை வைத்துவிட்டார். மாமா வராவிட்டால் மணமேடை ஏற மாட்டேன் என்று தங்கை அழுதாள். நாங்குநேரிக்கு ஓடிப்போய், துண்டுக் கதையை முழுதாகச் சொன்னேன்.

"அப்ப எனக்குன்னு கெடந்த துண்ட எடுத்து எறிஞ்சது நீதானலே?"

"ஆமா மாமா. ஆனா சர்வர் சரியாயிட்டு."

அந்த நேரத்திலும் பெருமை விடவில்லை, பாருங்கள். மாமா சிரித்துவிட்டார். பத்திரிகையை மறுபடி அடித்தோம். மாமாவே வந்து மாலை எடுத்துக் கொடுத்தார்.

அந்த சர்வர் அதன்பிறகு ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஆனால் எந்த விசேஷ வீட்டுப் பந்தியிலும் மாமா நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு, சபை கேட்க என்னைப் பார்த்துக் கத்துவார்: "ஏலே சர்வர், அவசரப்படாத! துண்டுக்காரன் கையக் கழுவிட்டு வந்துருதேன்."